ஒன்றும் செய்யாதவருக்கு என்ன ஆகும்? செட்டிங் மாற்றங்களுக்கு ரிலீஸ் நோட் எழுதுவது எப்படி

"வரிக் கணக்கீடு தொடர்பான அமைப்புகள் மேம்படுத்தப்பட்டுள்ளன. சில டிஃபால்ட் மதிப்புகள் மாற்றப்பட்டுள்ளன. மேலும் பல சிறு திருத்தங்கள்."

சிராங்கூன் ரோட்டில் ஒரு மளிகைக் கடை. கல்லாவில் ஓடும் பில் போடும் சாப்ட்வேருக்கு இப்படி ஒரு ரிலீஸ் நோட், அதாவது புது பதிப்பில் என்ன மாறியது என்று சொல்லும் குறிப்பு, வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாக்கியம். பிழையும் இல்லை, பொய்யும் இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டுக் கடைக்காரர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. எந்த அமைப்பு, முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு, என்றைக்கிலிருந்து, தான் ஏதாவது தொட வேண்டுமா என்ற எதற்கும் இதில் பதில் கிடையாது. அவர் டெக்னீஷியனுக்குப் போன் போடுவார். டெக்னீஷியன் சாப்ட்வேர் செய்தவர்களுக்குப் போன் போடுவார். குறிப்பைச் சுருக்கி எழுதி மிச்சம் பிடித்த பத்து நிமிடம் அங்கே பல மணி நேரமாகச் செலவாகும்.

நிரலில் செய்யும் மாற்றம் நம் கையில் இருக்கிறது. நாம் எழுதுகிறோம், நாம் சோதிக்கிறோம், எல்லாருக்கும் ஒரே மாதிரி போய்ச் சேருகிறது. செட்டிங் அப்படி இல்லை. வரி விகிதம், ஃபைல் அளவின் வரம்பு, பதிலுக்கு எத்தனை நொடி காத்திருப்பது, ரசீது எந்த பிரிண்டருக்குப் போவது என்பதையெல்லாம் நிரலுக்கு வெளியே ஒரு கான்ஃபிக் ஃபைலிலோ செட்டிங்ஸ் பக்கத்திலோ வைத்து வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுகிறோம். அந்தக் கடையில் அந்த ஃபைல் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. மூன்று வருடத்துக்கு முன் யாரோ மாற்றி வைத்த மதிப்பு அங்கேயே கிடக்கலாம். மாற்றியவர் வேலையை விட்டே போயிருக்கலாம். நாம் பார்க்காத ஒரு ஃபைலைப் பற்றி, நமக்குத் தெரியாத ஒருவருக்கு எழுதுகிறோம்.

எழுத உட்காரும்போது பொதுவாக எல்லாரும் "என்ன மாற்றினோம்" என்று தொடங்குவார்கள். "இந்த அப்டேட்டைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு என்ன ஆகும்" என்று தொடங்கிப் பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும். படிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தக் கேள்விக்கு நான்கு விதமான பதில் உண்டு. ஒன்றும் ஆகாது. அல்லது வேலை நடக்கும், ஆனால் வேறு மாதிரி நடக்கும். அல்லது அப்டேட் போட்ட உடனே சிஸ்டம் எழும்பாது. அல்லது இன்றைக்கு எல்லாம் சரியாக இருக்கும், மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை உடையும். கடைசி வகைதான் ஆளைக் கொல்வது. குறிப்பில் அதிக இடம் அதற்குத்தான் கொடுக்க வேண்டும்.

டிஃபால்ட் மாறும்போது

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 14-ஆம் பதிப்பு 2021-இல் வந்தது. அதில் பாஸ்வேர்டைச் சேமிக்கும் முறைக்கான செட்டிங்கின் டிஃபால்ட், அதாவது நாம் எதுவும் எழுதாவிட்டால் சாப்ட்வேர் தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்பு, "எம்டி5" என்பதிலிருந்து "ஸ்கிராம்-ஷா-256" என்று மாறியது. பாதுகாப்புக்கு நல்ல மாற்றம். குறிப்பு எழுதப் பழகுபவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

இந்த மாற்றம் மூன்று பேரை மூன்று விதமாகத் தொடுகிறது. கான்ஃபிக் ஃபைலில் "எம்டி5" என்று தன் கையால் எழுதி வைத்திருப்பவருக்கு ஒன்றும் மாறாது, அவர் எழுதியதே செல்லும். அந்த வரியைத் தொடாமல், முன்னால் # குறியோடு (அது இருந்தால் சாப்ட்வேர் அந்த வரியைக் கண்டுகொள்ளாது) அப்படியே விட்டிருப்பவருக்கு ஏற்கெனவே இருக்கும் பாஸ்வேர்டுகள் பழையபடியே வேலை செய்யும். ஆனால் அடுத்த முறை யாராவது பாஸ்வேர்டை மாற்றினால் அது புது முறையில் சேமிக்கப்படும். புதிதாக நிறுவுபவருக்கு முதல் நாளிலிருந்தே புது முறை.

நடுவில் இருப்பவரைப் பாருங்கள். அவர் ஆபீசில் பழைய ரிப்போர்ட் டூல் ஒன்று ஓடுகிறது. அதற்குள் இருந்து டேட்டாபேஸோடு பேசும் டிரைவருக்குப் புது ஸ்கிராம் முறை தெரியாது. அப்டேட் போட்ட அன்று ஒரு சிக்கலும் இல்லை. இரண்டு மாதம் கழித்து வழக்கம்போல் பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள். மறுநாள் காலை ரிப்போர்ட் வரவில்லை, "10-ஆம் வகை அங்கீகார முறைக்கு ஆதரவில்லை" என்று ஒரு பிழைச் செய்தி மட்டும் வருகிறது. பாஸ்வேர்டைத் தப்பாக அடித்துவிட்டோம் என்று நினைத்து மீண்டும் மாற்றுவார்கள். இரண்டு மாதத்துக்கு முன் போட்ட அப்டேட்டை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

ஆகவே டிஃபால்ட் மாறினால் "டிஃபால்ட் மாறியது" என்ற ஒரு வரி போதாது. மதிப்பைத் தானே எழுதி வைத்திருப்பவர், எழுதாமல் விட்டவர், புதிதாக நிறுவுபவர் என்று மூவருக்கும் தனித்தனியாக ஒரு வாக்கியம் வேண்டும். கூடவே, உடைந்தால் திரையில் வரும் பிழைச் செய்தியை எழுத்துப் பிசகாமல் அப்படியே போடுங்கள். இரவு ஒரு மணிக்கு உட்கார்ந்திருப்பவர் அந்தச் செய்தியைக் காப்பி பண்ணித்தான் தேடுவார். உங்கள் குறிப்பில் அது இருந்தால் நேராக வந்து சேருவார்.

பெயர் மாறுவது, யூனிட் மாறுவது

அதே டேட்டாபேஸில் இன்னோர் உதாரணம். மூல சர்வரின் டேட்டாவை நகல் எடுத்துக்கொண்டே இருக்கும் நகல் சர்வர் பின்தங்கினால் எட்டிப் பிடிப்பதற்காக, மூல சர்வர் டேட்டாவில் நடந்த மாற்றங்களைக் குறித்து வைத்த பழைய பதிவு ஃபைல்கள் சிலவற்றை அழிக்காமல் வைத்திருக்கும். எத்தனை ஃபைல் என்று சொல்லும் செட்டிங்கின் பெயர் "வால்_கீப்_செக்மென்ட்ஸ்". 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பில் அது "வால்_கீப்_சைஸ்" ஆனது. மாறியது பெயர் மட்டும் இல்லை. முன்பு எண்ணிக்கை, இப்போது மெகாபைட். ஒரு ஃபைல் வழக்கமாக 16 மெகாபைட்.

பழைய பெயரை அப்படியே விட்டுவிட்டால் சர்வர் "இப்படி ஒரு செட்டிங் தெரியாது" என்று சொல்லி எழும்பவே எழும்பாது. எரிச்சல்தான், ஆனால் ஐந்து நிமிடத்தில் தீரும். ஆபத்தானவர் அரைகுறையாகக் குறிப்பைப் படித்தவர். பெயரை மட்டும் மாற்றிவிட்டு 64 என்ற பழைய மதிப்பை அப்படியே வைத்துவிடுகிறார். முன்பு 64 ஃபைல், அதாவது 1,024 மெகாபைட். இப்போது வெறும் 64 மெகாபைட், பதினாறில் ஒரு பங்கு. சர்வர் சந்தோஷமாக எழும்பும், எச்சரிக்கை ஏதும் இல்லை. நெட்வொர்க் ஒரு நாள் இழுத்தடிக்கும்போது நகல் சர்வர் பின்தங்கி, தனக்குத் தேவையான ஃபைல் அழிந்துபோனதைக் கண்டுபிடிக்கும்.

அந்தப் பதிப்பின் அதிகாரபூர்வக் குறிப்பு இதை ஒழுங்காகச் செய்திருக்கிறது. புது மதிப்புக்குப் பழைய மதிப்பை ஒரு ஃபைலின் அளவால் பெருக்கிக்கொள்ளுங்கள் என்று சூத்திரத்தையே கொடுத்துவிட்டது. நீங்களும் அப்படியே செய்யுங்கள், அதற்கு மேலும் ஒரு படி போங்கள்: "முன்பு 64 என்றிருந்தால் இப்போது 1024 என்று எழுதவும்" என்று எண்ணையே போட்டுக் காட்டுங்கள். சூத்திரத்தை அவசரத்தில் படிப்பவர் தவற விடலாம், எண்ணைத் தவற விடுவது கஷ்டம்.

யூனிட் மாற்றம் இல்லாவிட்டாலும் யூனிட்டை எழுதிவிடுங்கள். "காத்திருப்பு நேரம் 30 ஆக்கப்பட்டது" என்றால் 30 நொடியா, நிமிடமா, மில்லிசெகண்டா? எழுதியவருக்குத் தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு பழைய பெயரை எடுத்துப் புது அர்த்தம் கொடுப்பதை மட்டும் எந்தக் காலத்திலும் செய்யாதீர்கள். எவ்வளவு நல்ல குறிப்பு எழுதினாலும் அதைக் காப்பாற்ற முடியாது. நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1 அன்று இதற்குக் கொடுத்த விலை 40 கோடி அமெரிக்க டாலருக்கு மேல், அதுவும் சுமார் 45 நிமிடத்தில். பல வருடம் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு சுவிட்சுக்குப் புது நிரலில் புது வேலை கொடுத்திருந்தார்கள். எட்டு சர்வரில் ஒன்றுக்கு மட்டும் புது நிரல் போய்ச் சேரவில்லை. அந்த ஒன்று, சுவிட்சின் பழைய அர்த்தத்தை நம்பி, செத்துப்போன பழைய நிரலை எழுப்பிப் பங்குகளை வாங்கித் தள்ளியது.

நேரம்: ஜிஎஸ்டி விகிதத்தை வைத்து ஒரு முழு உதாரணம்

சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 2023 ஜனவரி 1 அன்று 7-லிருந்து 8 விழுக்காடாகவும், 2024 ஜனவரி 1 அன்று 8-லிருந்து 9 விழுக்காடாகவும் உயர்ந்தது. பில் போடும் சாப்ட்வேருக்கு இது ஒரே ஒரு எண். கேட்பதற்கு இதைவிடச் சின்ன மாற்றம் இருக்க முடியாது. எழுதப் போனால்தான் உள்ளே எத்தனை முடிச்சு என்று தெரியும்.

முதல் முடிச்சு: அப்டேட் வெளியாகும் தேதி வேறு, மாற்றம் நடப்புக்கு வரும் தேதி வேறு. டிசம்பரில் அப்டேட் வந்தாலும் ஜனவரி வரை 8 விழுக்காடுதான் போக வேண்டும். இரண்டு தேதியையும் குறிப்பில் தனித்தனியாக எழுத வேண்டும்.

இரண்டாவது, எந்த ஊர் நள்ளிரவு? சிங்கப்பூர் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி முந்தியது. இங்கே ஜனவரி 1 பிறக்கும்போது உலகப் பொது நேரப்படி ஓடும் சர்வரில் டிசம்பர் 31 மாலை 4 மணி. ஊர் நேரம் சொல்லாமல் "ஜனவரி 1, 00:00" என்று எழுதினால் சர்வர் அதைத் தன் நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும், இங்கே காலை 8 மணி வரை பழைய விகிதத்திலேயே பில் போகும். காலை 7 மணிக்குத் திறக்கும் கடையில் முதல் ஒரு மணி நேரத்துப் பில் முழுக்கத் தப்பு. 24 மணி நேரக் கடையில் எட்டு மணி நேரத்துப் பில்.

மூன்றாவது, பழைய பில். டிசம்பர் 30 அன்று வாங்கிய பாத்திரத்தை ஜனவரி 3 அன்று திருப்பிக் கொடுக்க வந்தால் 8 விழுக்காட்டுக் கணக்கில்தான் பணம் திரும்ப வேண்டும். சாப்ட்வேர் அதைத் தானாகச் செய்கிறதா, கல்லாவில் இருப்பவர் தேர்வு செய்ய வேண்டுமா என்று குறிப்பு சொல்ல வேண்டும்.

நான்காவது, சரிபார்ப்பது எப்படி? இங்கே வாடிக்கையாளருக்குக் காட்டும் விலை ஜிஎஸ்டி சேர்த்த விலை. அதற்குள் இருக்கும் வரி, மொத்தத்தில் 109-இல் 9 பங்கு. பழைய விகிதத்தில் 108-இல் 8 பங்கு. 21.80 வெள்ளி பில் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் வரி 1.80 வெள்ளி என்று வர வேண்டும். 1.61 என்று வந்தால் இன்னும் 8 விழுக்காட்டில்தான் ஓடுகிறது. "சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்" என்று எழுதுவதைவிட இந்த இரண்டு எண்ணை எழுதுவது ஆயிரம் மடங்கு உதவும். தப்பு நடந்தால் அன்றைக்கே தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம். பெரும்பாலான கடைகள் ஜிஎஸ்டி கணக்கை மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் தாக்கல் செய்கின்றன. கணக்காளர் பார்ப்பதற்குள் ஆயிரக்கணக்கான பில் போயிருக்கும்.

இவ்வளவையும் சேர்த்து எழுதினால் குறிப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும். சாப்ட்வேரும் பதிப்பு எண்ணும் கற்பனை.

பதிப்பு 5.2.0. வெளியீடு: 2023 டிசம்பர் 11.
ஜிஎஸ்டி விகிதம் 8%-லிருந்து 9% ஆகிறது. நடப்புக்கு வருவது: 2024 ஜனவரி 1, நள்ளிரவு 12.00, சிங்கப்பூர் நேரம். அதுவரை 8% தொடரும்.
யாருக்கு: ஜிஎஸ்டி பதிவு உள்ள கடைகளுக்கு மட்டும்.
ஒன்றும் செய்யாவிட்டால்: விகிதத்தைக் கையால் எழுதாத கடைகளில் தானாக மாறும். கான்ஃபிக் ஃபைலில் "டேக்ஸ்_ரேட்" வரியில் 8 என்று எழுதியிருந்தால் மாறாது. ஜனவரி 1-க்குப் பிறகும் 8%-இல் பில் போகும், எச்சரிக்கை வராது.
செய்ய வேண்டியது: அந்த வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டிசம்பர் 31-க்குள் நீக்குங்கள். முன்கூட்டியே நீக்கினாலும் பாதிப்பில்லை. பிறகு ஒவ்வொரு கல்லாவிலும் சாப்ட்வேரை ஒரு முறை மூடித் திறக்க வேண்டும்.
சரிபார்க்க: சோதனை முறையில் தேதியை 2024 ஜனவரி 2 என்று வைத்து 21.80 வெள்ளிக்கு ஒரு பில் போடுங்கள். ஜிஎஸ்டி 1.80 என்று வர வேண்டும். 1.61 வந்தால் "டேக்ஸ்_ரேட்" வரி இன்னும் இருக்கிறது.
பழைய பில்: 2023-இல் போட்ட பில்லைத் திருப்பினால் 8% தானாக வரும்.
பின்வாங்க: 5.1.3-க்குத் திரும்பலாம். அதில் 9% கிடையாது. ஜனவரி 1-க்குப் பிறகு திரும்பினால் "டேக்ஸ்_ரேட்" வரியில் 9 என்று கையால் எழுத வேண்டும்.

கடைசி வரியைக் கவனியுங்கள். "பழைய பதிப்புக்குத் திரும்பலாம்" என்று எல்லாரும் எழுதுவார்கள். திரும்பினால் என்ன உடையும் என்று எழுதுபவர்கள் குறைவு. புது பதிப்பு கான்ஃபிக் ஃபைலையே புது வடிவத்துக்கு மாற்றி எழுதிவிட்டால், பழைய பதிப்பால் அதைப் படிக்க முடியாமலும் போகலாம். அப்படியானால் "அப்டேட்டுக்கு முன் இந்த ஃபைலை நகல் எடுத்து வைக்கவும்" என்பது குறிப்பின் முதல் படியாக வர வேண்டும். ஏழாவது படியில் வந்தால், அதைப் படிக்கும்போது ஃபைல் ஏற்கெனவே மாறியிருக்கும்.

நேரத்தைப் பற்றி இன்னொன்று, கொஞ்சம் விசித்திரமானது. சர்வரில் நேரத்தை "+8" என்று எழுதுவதற்குப் பதில் "ஆசியா/சிங்கப்பூர்" என்று எழுதுவது நல்ல பழக்கம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது உஷார். 1982 ஜனவரி 1-க்கு முன் சிங்கப்பூர் நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஏழரை மணிதான் முந்தியிருந்தது. பிறந்த தேதியை நள்ளிரவு நேரத்தோடு சேர்த்துச் சேமித்து வைத்திருக்கும் சிஸ்டத்தில் 1975 மே 10 அன்று பிறந்தவர், இந்த மாற்றத்துக்குப் பிறகு மே 9 இரவு 11.30-க்குப் பிறந்தவராகத் தெரிவார். "நேர மண்டலத்தின் பெயர் திருத்தப்பட்டது" என்ற ஒரு வரிக் குறிப்புக்குள் இது முழுக்க ஒளிந்துகொள்ளும்.

மதிப்பின் வகை: மூன்று அஞ்சல் எண்கள்

கான்ஃபிக் ஃபைல்கள் பல யாமல் என்ற வடிவத்தில் எழுதப்படுகின்றன. பார்க்கச் சுத்தமாக இருக்கும், உள்ளே சில குழிகள் உண்டு. கடையின் முகவரிக்கான செட்டிங்கில் அஞ்சல் எண்ணை மேற்கோள் குறி போடாமல் எழுதுகிறோம் என்று வையுங்கள். தேக்கா சென்டரின் எண் 210665. அதைச் சாப்ட்வேர் ஓர் எண்ணாக எடுத்துக்கொள்ளும், அச்சடிக்கும்போதும் 210665 என்றே வரும். சோதித்தவர் திருப்தியாக வீட்டுக்குப் போய்விடுவார். சைனாடவுன் காம்ப்ளெக்ஸின் எண் 050335. பழைய யாமல் 1.1 விதிப்படி பூஜ்யத்தில் தொடங்கி 0 முதல் 7 வரை உள்ள இலக்கங்கள் மட்டும் வந்தால் அது எட்டின் அடிமான எண், அதாவது பத்துப் பத்தாக இல்லாமல் எட்டு எட்டாக எண்ணும் எண். ரசீதில் 20701 என்று வரும். மரினா பே சேண்ட்ஸின் எண் 018956. அதில் 8-உம் 9-உம் இருப்பதால் எட்டின் அடிமானமாக முடியாது, எழுத்துத் தொடராகவே தப்பித்துவிடும். ஒரே செட்டிங், மூன்று கட்டடம், மூன்று விதம்.

யாமல் 1.2 விதிப்படி ஃபைலைப் படிக்கும் லைப்ரரிக்கு (ஆயத்த நிரல் தொகுப்புக்கு) மாறினால் 050335 என்பது 50335 ஆகும், முன்னால் இருந்த பூஜ்யம் போய்விடும். "யாமல் லைப்ரரி புதுப்பிக்கப்பட்டது" என்பதை நிரல் மாற்றத்தின் கீழ் ஒரு மூலையில் போடுவது வழக்கம். கான்ஃபிக் ஃபைலை யார் படிக்கிறார்கள் என்பது மாறினால் அதுவும் செட்டிங் மாற்றம்தான், ஃபைலில் ஓர் எழுத்துகூட மாறாவிட்டாலும். குறிப்பில் மதிப்பைக் காட்டும்போது மேற்கோள் குறி தேவையா இல்லையா என்பது தெரியும்படி ஃபைலில் வரும் முழு வரியையும் காட்டுங்கள்.

எப்போது பிடிக்கும், எங்கே தோற்கும்

செட்டிங்கை மாற்றியதும் அது பிடிக்க வேண்டும் என்று இல்லை. மீண்டும் போஸ்ட்கிரெஸையே எடுத்துக்கொண்டால், ஒரு வேலைக்கு ஒதுக்கும் நினைவகத்தின் அளவை மாற்றினால் ஃபைலை மறுபடி படிக்கச் சொன்னால் போதும், ஓடும் சர்வரை நிறுத்த வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு என்ற வரம்பை மாற்றினால் சர்வரையே நிறுத்தி எழுப்ப வேண்டும். குறிப்பில் "ரீலோடும் தேவையில்லை", "ரீலோட் போதும்", "ரீஸ்டார்ட் தேவை" என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். ரீஸ்டார்ட் என்றால் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதையும் எழுதுங்கள். வங்கிகளுக்கு இது வெறும் வசதிக்கான தகவல் இல்லை. முக்கியமான சிஸ்டம் எதுவும் 12 மாதத்தில் மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல் திட்டமிடாமல் முடங்கக் கூடாது என்பது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. பெரிய கோளாறு தெரிந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குச் சொல்லவும் வேண்டும். உங்கள் குறிப்பைப் படிக்கும் வங்கி ஊழியர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் படிக்கிறார்.

மாற்றினாலும் பிடிக்காத இன்னொரு காரணம், வேறோர் இடத்தில் எழுதிய மதிப்பு அதை மிஞ்சுவது. ஃபைலில் ஒன்று, சர்வரின் சூழல் மாறியில் (ஃபைலுக்கு வெளியே சர்வரிலேயே பெயரிட்டு வைக்கும் மதிப்பில்) இன்னொன்று, தொடங்கும் கட்டளையில் மூன்றாவது என்று ஒரே செட்டிங் மூன்று இடத்தில் இருக்கலாம். எது எதை மிஞ்சும் என்று ஒரு வரி போதும்.

அடுத்தடுத்த வரம்புகளும் இதே வகை. எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சர்வருக்கு அனுப்பக்கூடிய ஃபைலின் டிஃபால்ட் வரம்பு 1 மெகாபைட், மீறினால் 413 என்ற பிழை வரும். போனில் எடுத்த ரசீதின் படம் அதைத் தாண்டிவிடுகிறது என்று 10 மெகாபைட்டாக உயர்த்துகிறோம். பின்னால் நிரலை ஓட்டும் பிஎச்பி-யின் டிஃபால்ட் வரம்பு 2 மெகாபைட். படம் முதல் வாசலைத் தாண்டி இரண்டாவது வாசலில் விழும். "வரம்பு 10 மெகாபைட் ஆனது" என்ற குறிப்பு அப்போது பொய்யாகிவிடும்.

பதிவு ஃபைலின் அளவைக் கூட்டும் செட்டிங்குகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. பிழை தேடுவதற்காக ஒவ்வொரு சிறு படியையும் எழுதி வைக்கும் "டீபக்" நிலைக்கு மாற்றினால் வாடிக்கையாளரின் பெயர், போன் எண், சில இடங்களில் அடையாள அட்டை எண்கூடப் பதிவு ஃபைலில் எழுதப்படலாம். அப்படியென்றால் குறிப்பில் சொல்லிவிட வேண்டும். டிஸ்க் எவ்வளவு வேகமாக நிரம்பும் என்பதும் அதே வரியில் வரலாம். குறிப்பில் மாதிரிக்காகப் போடும் மதிப்பில் உண்மையான பாஸ்வேர்டையோ சாவியையோ ஒட்டிவிடாதீர்கள். வேலை செய்யும் ஃபைலிலிருந்து நேராகக் காப்பி பண்ணும்போது இது சர்வ சாதாரணமாக நடக்கும்.

எந்த வழியாக வருகிறது

2024 ஜூலை 19, சிங்கப்பூர் நேரம் பகல் 12.09. கிரௌட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு சாப்ட்வேருக்கு ஒரு கான்ஃபிக் அப்டேட் அனுப்பியது. 78 நிமிடத்தில் அதைத் திரும்பப் பெற்றது. அதற்குள் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்துவிட்டன. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவு செய்தன. காரணம் சின்னது: அப்டேட் 21 தகவல்களை எதிர்பார்த்தது, கணினியில் இருந்த நிரல் 20 மட்டுமே கொடுத்தது.

குறிப்பு எழுதுபவருக்கு இதில் வேறொரு விஷயம் முக்கியம். எச்சரிக்கையான வாடிக்கையாளர்கள் பலர் சாப்ட்வேரின் புது பதிப்பை உடனே போடாமல் ஒரு பதிப்பு பின்னாலேயே இருக்கும்படி வைத்திருந்தார்கள். அந்த ஏற்பாடு நிரலுக்கு மட்டும்தான் பொருந்தியது. கான்ஃபிக் அப்டேட் வேறு வழியாக, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போனது. உங்கள் சாப்ட்வேரிலும் செட்டிங்குகள் பதிப்போடு வராமல் சர்வரிலிருந்து தனியாக இறங்கும் என்றால், குறிப்பு அதைச் சொல்ல வேண்டும்: இது எந்த வழியாக வரும், எத்தனை விழுக்காட்டினருக்கு முதலில் போகும், வேண்டாம் என்றால் நிறுத்தி வைக்க முடியுமா, எங்கே. லிட்டில் இந்தியாவில் தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு கடைக்காரர் கேட்கக்கூடிய ஒரே கேள்வி கடைசியில் உள்ளதுதான்.

யார் படிக்கிறார்கள், எந்த மொழியில்

கடைக்காரருக்கு முதல் நான்கு வரி போதும்: என்ன, என்றைக்கு, எனக்கா, நான் என்ன செய்ய வேண்டும். மீதி டெக்னீஷியனுக்கு. இரண்டையும் கலக்காமல் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று வையுங்கள். நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள ஊரில் உங்கள் குறிப்பை யாராவது மொழிபெயர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடும் என்பதையும் மனதில் வையுங்கள். வாக்கியம் சின்னதாக இருந்தால் மொழிபெயர்ப்பில் பொருள் கெடாது. தேதியை 3/4 என்று எழுதாதீர்கள், சிலர் ஏப்ரல் 3 என்பார்கள், சிலர் மார்ச் 4 என்பார்கள்.

செட்டிங்கின் பெயரை மட்டும் மொழிபெயர்க்கக் கூடாது. இந்தக் கட்டுரையில் படிக்க வசதியாகப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறோம். உங்கள் குறிப்பில் ஃபைலில் இருக்கும் ஆங்கில எழுத்திலேயே, அடிக்கோடும் புள்ளியும் பிசகாமல், காப்பி பண்ணி ஒட்டக்கூடிய வடிவில் இருக்க வேண்டும். வேர்டு போன்றவை நேரான மேற்கோள் குறியை வளைந்ததாக மாற்றிவிடும். அதை அப்படியே கான்ஃபிக் ஃபைலில் ஒட்டினால் அந்தக் குறியும் மதிப்பின் பகுதியாகிவிடும், அல்லது ஃபைலே படிக்க முடியாமல் போகும்.

"மேம்படுத்தப்பட்டது", "சீரமைக்கப்பட்டது", "உகந்ததாக்கப்பட்டது" போன்ற சொற்கள் வரும் இடத்தில் எல்லாம் பழைய மதிப்பையும் புது மதிப்பையும் போட்டுவிட்டு அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். வாக்கியம் பெரும்பாலும் சுருங்கும். ஏன் மாற்றினோம் என்பதற்கு ஒரு வாக்கியம் போதும், ஆனால் அது இருக்க வேண்டும். காரணம் தெரியாதவர் பழைய மதிப்பையே திரும்ப எழுதிவிடுவார்.

குறிப்பை அனுப்பும் முன், மாற்றத்தில் சம்பந்தப்படாத ஒருவரிடம் குறிப்பையும் ஒரு பழைய கான்ஃபிக் ஃபைலையும் கொடுத்து, பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் எங்கே நிறுத்திக் கேள்வி கேட்கிறாரோ அங்கே ஒரு வரி குறைகிறது. பதிலை வாயால் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள், குறிப்பில் எழுதுங்கள்.

வெளியிட்ட பிறகு குறிப்பிலேயே தப்பு தெரிந்தால் சத்தமில்லாமல் திருத்திவிடத் தோன்றும். நேற்றே படித்துவிட்டு வேலையை முடித்தவர் மறுபடி வந்து பார்க்க மாட்டார். மேலே தேதியோடு ஒரு வரி சேருங்கள்: "டிசம்பர் 14 திருத்தம்: முன்பு ரீலோட் போதும் என்று எழுதியிருந்தோம். ரீஸ்டார்ட் தேவை. டிசம்பர் 11 முதல் 14 வரை மாற்றியவர்கள் ஒரு முறை மூடித் திறக்கவும்." பழைய வரியை அழிக்காமல் குறுக்குக்கோடு போட்டு விடுங்கள், முதல் குறிப்பு போன எல்லாருக்கும் இந்தத் திருத்தத்தையும் அனுப்புங்கள்.